முப்பத்தாறு வருடம் ஒரே கையில் இருந்த டி-5: வாங்கலாமா?

ஜெர்மனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் 1966 மாடல் ஃபோர்டு மஸ்டாங் கன்வர்ட்டிபிள் வைத்திருக்கிறாராம். முப்பத்தாறு வருடமாக அவர் கையில்தான் இருக்கிறது. வயதாகிவிட்டதால் இப்போது கொடுத்துவிட நினைக்கிறார். "நன்றாகப் பராமரித்த வண்டி, மதிப்பீட்டில் நிலை 2" என்கிறார். தம்பிக்கு இரண்டு சந்தேகம். முன் மட்கார்டில் மஸ்டாங் என்ற எழுத்தே இல்லை, டி-5 (T-5) என்று ஒரு சின்னம்தான் இருக்கிறது; இது டூப்ளிகேட்டா? இரண்டாவது, "நன்றாகப் பராமரித்தது" என்ற சொல்லை எதை வைத்து நம்புவது?

இந்த நாட்டில் பழைய அமெரிக்க வண்டிகளுக்கு டிங்கரிங்கும் மெக்கானிக் வேலையும் பார்த்தே என் காலம் ஓடியிருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் சந்தேகத்துக்குப் பதில் சுலபம். அது டூப்ளிகேட் இல்லை. டி-5 என்று இருப்பது வண்டிக்குப் பெருமைதான். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு மஸ்டாங்கை அறிமுகம் செய்தபோது, ஜெர்மனியில் அந்தப் பெயர் ஏற்கெனவே கிரூப் நிறுவனத்திடம் இருந்தது. அவர்கள் அந்தப் பெயரில் லாரி செய்தவர்கள். பெயரை விட்டுக்கொடுக்க 10,000 டாலர் கேட்டார்கள், ஃபோர்டு தர மறுத்தது. அதனால் 1970களின் கடைசி வரை இங்கே அந்த வண்டி டி-5 என்ற பெயரில்தான் விற்பனைக்கு வந்தது. மட்கார்டு, ஸ்டீயரிங் நடு என்று எழுத்து இருந்த இடங்களிலெல்லாம் அதை எடுத்துவிட்டார்கள். ஓடும் குதிரையை மட்டும் விட்டுவைத்தார்கள். ஸ்பீடாமீட்டர் மைலில் இல்லாமல் கிலோமீட்டரில் இருக்கும்.

ஆனால் சின்னத்தைப் பார்த்து மட்டும் நம்பிவிட வேண்டாம். டி-5 சின்னம் இன்று கடையில் கிடைக்கும் சாமான். பானெட்டைத் திறந்து பாருங்கள். இடமும் வலமும் முன் ஷாக் அப்சார்பர் ஏறி உட்காரும் இரண்டு கோபுரங்கள் தெரியும். அமெரிக்காவில் விற்ற வண்டிகளில் அந்தக் கோபுரங்களிலிருந்து பின்சுவருக்கு இரண்டு தனித்தனிக் கம்பிகள் போகும். ஏற்றுமதி வண்டிகளில் இரண்டையும் சேர்த்து ஒரே தகடாக அடித்த தாங்கி இருக்கும். ஐரோப்பாவின் மோசமான சாலைகளை மனதில் வைத்துச் செய்தது அது. இன்றும் அமெரிக்கர்கள் அதை 'எக்ஸ்போர்ட் பிரேஸ்' என்றே கேட்டு வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். அடுத்து, டிரைவர் கதவின் பின்விளிம்பில் ரிவெட் அடித்த சின்னத் தகடு ஒன்று இருக்கும். அதில் டிஎஸ்ஓ என்ற இடத்தில் விற்பனை மாவட்ட எண் இருக்கும்; 90 முதல் 99 வரை என்றால் ஏற்றுமதி. தாங்கி, தகடு, கிலோமீட்டர் மீட்டர் மூன்றும் ஒத்துப்போனால் நிம்மதியாக இருங்கள்.

அந்தத் தகட்டிலேயே வண்டியின் ஜாதகமும் இருக்கிறது. அதிலுள்ள வண்டி எண் 6 என்று தொடங்கினால் 1966 மாடல். அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் டியர்பார்ன், ஆர் சான் ஹோசே, டி (T) மெட்டூச்சன். அடுத்து 08 இருந்தே ஆக வேண்டும், அதுதான் கன்வர்ட்டிபிள். 07 என்று இருந்தால் அது ஹார்ட்டாப்பாகப் பிறந்து கூரை வெட்டப்பட்ட வண்டி, பேச்சே வேண்டாம். அதன் பின் எஞ்சின் எழுத்து. டி (T) என்றால் ஆறு சிலிண்டர். சி, ஏ, கே மூன்றும் 289 கன அங்குல வி8. குதிரைசக்தி முறையே 200, 225, 271. இதே எண் பானெட்டுக்குள் இடது மட்கார்டின் உள்தகட்டிலும் அடித்திருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

"மேட்சிங் நம்பர்", அதாவது எஞ்சின் எண்ணும் வண்டி எண்ணும் ஒன்றே என்று யாராவது சொல்லி விலையை ஏற்றினால் மட்டும் நிதானியுங்கள். அந்த வருடங்களில் எஞ்சின் மேல் வண்டி எண்ணை அடித்தது கே எஞ்சினுக்கு மட்டும்தான். சி எஞ்சினில் ஒப்பிட நம்பரே கிடையாது. எஞ்சின் இரும்பை வார்த்தபோது அதிலேயே பதித்த வார்ப்புத் தேதியைத்தான் பார்க்க முடியும். வருடத்துக்கு ஓர் எண், மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள். ஜனவரி ஏ, டிசம்பர் எம். நடுவில் ஐ எழுத்தை விட்டுவிடுவார்கள். '5எம்20' என்றால் 1965 டிசம்பர் 20. வண்டி தயாரான தேதிக்குச் சில வாரம் முன்பாக அது இருந்தால் எஞ்சின் பிறந்ததிலிருந்து அதே வண்டியில் இருப்பதாக நம்பலாம்.

இனி இரண்டாவது கேள்வி. உண்மையான கேள்வி இதுதான்.

கன்வர்ட்டிபிளுக்கு நிலையான இரும்புக் கூரை கிடையாது, மடிக்கும் துணிக் கூரைதான். மற்ற வண்டியில் கூரையும் தூணும் தாங்கும் பாரத்தை இதில் தரை தாங்குகிறது. மஸ்டாங்குக்குத் தனி சேஸிஸும் இல்லை, உடலே சேஸிஸ். அதனால் கன்வர்ட்டிபிளுக்கு மட்டும் ஃபோர்டு கூடுதல் பலம் கொடுத்தது: கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிக்குள் தடித்த தகடு, முன்சீட்டுக்கு அடியில் குறுக்கே இன்னொரு தகடு, முன்சட்டத்தை அந்தப் பெட்டியோடு இணைக்கும் மூலைப்பெட்டிகள். வண்டியின் உயிர் இவற்றில்தான் இருக்கிறது. பெயின்ட் நேற்று அடித்தது போல் மின்னும், குரோமில் முகம் தெரியும். அடியில் அந்தப் பெட்டி அரித்திருந்தால் வண்டி நடுவில் தொய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பல வருடம் முன்பு இதில் நானே ஏமாந்தேன். ஒரு வாடிக்கையாளருக்காகச் சிவப்பு கன்வர்ட்டிபிள் ஒன்றைப் பார்த்து "சரி" என்று சொல்லிவிட்டேன். அடியில் கறுப்புப் பூச்சு புதிதாக இருந்தது; நல்ல கவனிப்பு என்று நினைத்தேன். பட்டறைக்குக் கொண்டுவந்து நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கினோம், டிரைவர் கதவு திறக்கவில்லை. இறக்கினால் திறக்கிறது. தூக்கினால் இறுகுகிறது. பூச்சைச் சுரண்டிப் பார்த்தால் துருப்பிடித்த பழைய தரையை எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் தங்கி, உள்ளே அப்பளமாக நொறுங்கியது. அந்த வாடிக்கையாளர் முகம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அன்றிலிருந்து அடியில் புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால் எனக்கு பயம்தான் முதலில் வரும். நல்ல உரிமையாளர் அடிப்பாகத்தை மறைக்க மாட்டார். உள்ளறைகளுக்குள் மெழுகோ கொழுப்போ பீய்ச்சியிருப்பார். அது வெயில் காலத்தில் ஓட்டை வழியாக லேசாகக் கசியும். அந்தக் கறையைப் பார்த்தால் மனதுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: சமதரையில் நிறுத்தி இரண்டு கதவு இடைவெளியையும் பாருங்கள். கதவின் பின்மேல் மூலையில் இடைவெளி குறுகி, கீழே அகன்றிருந்தால் தொய்வு. பிறகு அவர் அனுமதியோடு ஒரு பட்டறையில் தூக்கி, தூக்கிய நிலையில் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே கார்ப்பெட்டை விலக்கச் சொல்லுங்கள். உண்மையாகப் பராமரித்தவர் இதற்குத் தயங்க மாட்டார், அவரே டார்ச் எடுத்து வருவார்.

அடுத்து தண்ணீர். மஸ்டாங்கின் பரம்பரை வியாதி வைப்பருக்குக் கீழே இருக்கிறது. அங்கே காற்று நுழையும் சல்லடை போன்ற தகடு ஒன்று உண்டு. மழை அதன் வழியே இறங்கி, உள்ளே ஒரு மறைவான பெட்டியில் ஓடி, இரு பக்கமும் வெளியேற வேண்டும். இலையும் மண்ணும் சேர்ந்து அடைத்தால் தண்ணீர் தேங்கும், உள்ளே காற்றுக்குழாயைச் சுற்றியுள்ள விளிம்பு அரிக்கும், பிறகு ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் தரைக்கு வரும். தரை அழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் சாலையில் தெறிக்கும் தண்ணீரல்ல, மேலிருந்து வரும் இந்தத் தண்ணீர். சரிசெய்ய நூறுக்கு மேற்பட்ட ஸ்பாட் வெல்டிங்கைத் துளைத்து மேல்தகட்டைக் கழற்ற வேண்டும். ஆகவே ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரை அந்தச் சல்லடையின் இரு ஓரத்திலும் மெதுவாக ஊற்றுங்கள். உள்ளே டேஷ்போர்டுக்கு அடியில் உலர்ந்த பேப்பர் துண்டை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். பேப்பர் காய்ந்தே இருந்தால், முப்பத்தாறு வருடமாக யாரோ இலையை அள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நீண்ட நாள் ஒரே உரிமையாளர் என்பதன் அருமை இங்கேதான். அவர் வண்டிக்கு என்ன புதிதாக மாட்டினார் என்பது அப்புறம். என்ன நேராமல் தடுத்தார் என்பதைத்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். இந்த ஊரில் நவம்பர் முதல் மார்ச் வரை சாலையில் உப்பு. அந்த மாதங்களில் வண்டி வெளியே போனதா? நம்பர் பிளேட்டின் ஓரத்தில் மேலும் கீழுமாக 04, 10 என்று மாத எண் இருந்தால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் ஓட்ட அனுமதி உள்ள வண்டி. பழைய வண்டிக்கான எச் எழுத்தோடு இதையும் சேர்த்து வாங்க வழி வந்தது 2017 அக்டோபரில்தான். அதற்கு முன்பு அவர் எப்படிச் சமாளித்தார் என்று கேளுங்கள். பதிலிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

குளிர்காலத்தில் எப்படி வைத்தார் என்றும் கேளுங்கள். கூரை மூடியபடி இருந்திருக்க வேண்டும். மடித்து வைத்தால் துணி சுருங்கும், மடிப்பில் பூஞ்சை பிடிக்கும், வசந்தத்தில் இழுத்தால் முன்கண்ணாடி விளிம்புக்கு எட்டாது. டேங்க் நிறைய பெட்ரோல், டயரில் கூடுதல் காற்று, கைபிரேக் விடுபட்ட நிலை, பேட்டரி தனியே. இந்த மஸ்டாங்கில் டேங்க்தான் டிக்கியின் தரை. மேலிருந்து இறக்கிப் பொருத்தியது. டிக்கி விரிப்பைத் தூக்கினாலே டேங்கின் மேற்புறம் தெரியும். அங்கே துரு இருக்கிறதா, பெட்ரோல் வாசனை வருகிறதா என்று பாருங்கள்.

முப்பத்தாறு வருடத்தில் பிறந்த மேனிக்கே வைத்திருந்தார் என்றால் அதுவும் எனக்கு ஒப்பாது. சில மாற்றங்கள் செய்திருக்கத்தான் வேண்டும். 1966 வரை இந்த வண்டிகளில் பிரேக் ஆயில் ஒரே சுற்று. நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய்வழி. எங்கேயாவது ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரையைத் தொடும், நாலு பிரேக்கும் போகும். 1967 மாடலில்தான் இரட்டைச் சுற்று வந்தது. பெரியவர் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் மாட்டியிருந்தால் கையெடுத்துக் கும்பிடுங்கள். மாட்டவில்லையென்றால் நீங்கள் வாங்கியதும் செய்யும் முதல் வேலை அதுதான். குழந்தையை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி, இதில் அசல் பார்க்கக் கூடாது. கழற்றிய பழைய பாகங்களை அவர் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். எனக்குத் தெரிந்து, பாகங்களைப் பேப்பரில் சுற்றித் தேதி எழுதி வைத்தவர் யாரும் மற்ற விஷயங்களில் அசட்டையாக இருந்ததில்லை.

எஞ்சினைப் பற்றி நீங்கள் நிறையக் கவலைப்பட வேண்டாம். 289 சாதுவான எஞ்சின், பாகம் எல்லாம் கிடைக்கும், பிரித்துப் பூட்டுவது எளிது. இரண்டு விஷயம் மட்டும் விசாரியுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து எஞ்சின் இது. வால்வ் உட்காரும் இடம் ஹெட்டின் இரும்பிலேயே கடைந்தது; ஈயமில்லாத இன்றைய பெட்ரோலில் அது தேயலாம். ஹெட்டைக் கழற்றிய சமயத்தில் கடினமான இருக்கை வளையம் போட்டார்களா என்று பில்லில் தேடுங்கள். அடுத்து 2011இல் இங்கே வந்த இ10 பெட்ரோல். அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாயை ஊறவைத்து வெடிக்க வைக்கும். குழாய்களை மாற்றியிருக்க வேண்டும், எத்தனால் குறைந்த சூப்பர் பிளஸ் பெட்ரோல் ஊற்றியிருக்க வேண்டும். சூடான வி8 எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நிலை 2 என்ற மதிப்பீட்டைப் பற்றி. இங்கே 1 முதல் 5 வரை போடுவார்கள். 1 குறையே இல்லாதது, 2 நல்லது, 3 ஓடிப் பழகியது, 5 முழுக்கப் பிரித்துச் செய்ய வேண்டியது. இன்சூரன்ஸுக்காகப் போடும் சுருக்க மதிப்பீட்டில் வண்டியைச் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவதும் உண்டு. ஜாக்கியில் தூக்கிப் பார்த்தார்களா, எந்த வருடத்து மதிப்பீடு என்று கேளுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் கட்டாயச் சோதனையின் தாள்கள் இதைவிட நேர்மையானவை. முப்பத்தாறு வருடத்தில் பதினெட்டுத் தாள் இருக்க வேண்டும். அவற்றில் எழுதிய சின்னச் சின்னக் குறைகளை வரிசையாகப் படியுங்கள். ஒரு தாளில் வந்த குறை அடுத்த தாளில் இல்லையென்றால் அதற்குப் பெயர்தான் பராமரிப்பு. கிலோமீட்டரும் அதில் இருக்கும். வருடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டராவது ஓடியிருந்தால் நல்லது. ஓடாமல் நின்ற வண்டியில் சீல் காயும், பிரேக் சிலிண்டர் இறுகும்.

எச் நம்பர் பிளேட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. 1997இல் வந்த ஏற்பாடு அது. முப்பது வயது தாண்டி, அசலுக்கு நெருக்கமாக, நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்குத் தருவது. வரி வருடத்துக்கு 191.73 யூரோ. அது இல்லாமல் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இல்லாத 4.7 லிட்டர் எஞ்சினுக்குக் கட்டினால் 1,200 யூரோவைத் தாண்டும். நகரங்களின் மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள்ளும் எச் வண்டி போகலாம். இருந்தால் அந்த மதிப்பீட்டு நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

விலை நான் சொல்லப்போவதில்லை, வண்டியைப் பார்க்காமல் சொல்வது தவறு. ஒன்று மட்டும்: 1966இல் 72,119 கன்வர்ட்டிபிள் செய்தார்கள், இது அபூர்வ வண்டி அல்ல. பேரம் தட்டிப்போனால் இன்னொன்று கிடைக்கும். ஆனால் தாள், பாகம், பழக்கம் மூன்றும் சேர்ந்து முப்பத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்த வண்டி சுலபத்தில் கிடைக்காது. தரையும் சல்லடையும் சரியாக இருந்தால், பெயின்டில் கீறலோ சீட்டில் கிழிசலோ இருந்தாலும் நான் இதைத்தான் எடுப்பேன். மின்னுகிற, மூன்று வருடத்தில் மூன்று கை மாறிய வண்டி எனக்கு வேண்டாம்.

பெரியவரிடம் மரியாதையாகப் பேசுங்கள். முதல் நாளே விலையைக் குறைக்கக் கேட்காதீர்கள். அவர் பிள்ளையைக் கொடுப்பதுபோலத்தான் கொடுக்கிறார். அவர் ஓட்ட, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுங்கள். எந்த வேகத்தில் கியரை மாற்றுகிறார், சூடான எஞ்சினை மறுபடி எடுக்கும்போது ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறார், இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கடைசியாக, கூரையை ஒருமுறை அவரையே இறக்கச் சொல்லி, போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஹைட்ராலிக் மோட்டார் பேட்டரியைக் குடித்துவிடும். முன்கண்ணாடி மேலுள்ள இரண்டு கொக்கியை விடுவிப்பார். பிறகு பின்னால் போய், பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப்பைத் திறந்து, அதை மெல்லப் படுக்க வைப்பார். பழக்கமுள்ளவர் என்றால் அதன் மேல் ஒரு பருத்தித் துணியை விரித்துவிட்டுத்தான் ஸ்விட்சைத் தொடுவார். துணி இல்லாமல் மடித்தால் பிளாஸ்டிக் உரசிக் கீறும், குளிரில் மடித்தால் வெடித்துவிடும். அந்தத் துணி டிக்கியில் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. வண்டியோடு அதையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.